கணவாய்க்குள் ஒரு திரி

எங்களுக்கும் ஒருகாலத்தில் கடல் இருந்தது. 1910-ல் வெள்ளைக்காரர்கள் ராமநாதபுரம் மாவட்டத்தை உண்டாக்கியபோது, திருநெல்வேலிச் சீமையிலிருந்து சிவகாசி, சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தை வெட்டி அதில் ஒட்டினார்கள். ராமேஸ்வரத்து அலையும் சிவகாசி வெயிலும் ஒரே கலெக்டரின் கீழ் வந்தன. 1985-ல் மாவட்டத்தை மூன்றாக உடைத்தபோது கடல் முழுக்க ராமநாதபுரம் பக்கம் நின்றுவிட்டது. விருதுநகருக்கு வந்தது கரிசல், எண்ணெய்ச் செக்கு, பருப்பு மண்டி, தீப்பெட்டி, பட்டாசு. பாகப்பிரிவினையில் எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்படிக் கடல் பறிபோன ஊர்க்காரன் கணவாயின் மூளையைப் பற்றி எழுத வருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் ஒரு நியாயம் இருக்கிறது. நரம்பு எப்படி வேலை செய்கிறது என்று உலகம் கற்றுக்கொண்டது ஊசிக் கணவாயின் உடம்பில். நரம்பில் செய்தி ஓடுவதை விளக்க, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜ் உடலியல்காரர்கள் தேடிப் பிடித்த உதாரணம், கோடாகக் கொட்டிய வெடிமருந்தில் ஓடும் பொறி. அதாவது திரி. பேச்சு திரிக்கு வந்துவிட்டால் சிவகாசிக்காரன் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது.

குடும்ப விவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊசிக் கணவாய் என்பது ஸ்குவிட். முதுகுக்குள் வெள்ளை ஓடு வைத்திருப்பது ஓட்டுக் கணவாய். ஓடும் இல்லாமல் ஒழுங்கும் இல்லாமல் எட்டுக் கையோடு அலைவது பேய்க் கணவாய், ஆக்டோபஸ். மூன்றும் பங்காளிகள். மூன்றுக்கும் தலா மூன்று இதயம், நீல ரத்தம். மூளை உணவுக்குழாயைச் சுற்றி அமைந்திருக்கிறது. விழுங்கும் ஒவ்வொரு வாயும் மூளையின் நடுவாகப் போய்த்தான் வயிற்றைச் சேர வேண்டும். கவனமாகச் சாப்பிடு என்று பெற்றவர்கள் சொல்ல வேண்டிய ஜீவன் உலகத்தில் இது ஒன்றுதான். ஆனால் அதற்குச் சொல்ல ஆள் கிடையாது. குஞ்சு பொரிக்கும் நேரத்தில் தாய் செத்துப்போகிறது.

இந்தக் குடும்பத்தின் அறிவுக்கு முதல் மார்க் போட்டவர் அரிஸ்டாட்டில். கிறிஸ்து பிறப்பதற்கு முன் நான்காம் நூற்றாண்டில் உட்கார்ந்து மீன், பறவை, தேனீ என்று ஒன்று விடாமல் எழுதிய மனிதர். பேய்க் கணவாய்க்கு அவர் கொடுத்த தீர்ப்பு: மடப்பிராணி. சாட்சி என்னவென்றால், தண்ணீருக்குள் மனிதன் கையை விட்டால் அது ஓடி ஒளியாமல் கையை நோக்கி வருகிறதாம். இதே அளவுகோலை எங்கள் ஊர்த் தீபாவளிக்குக் கொண்டுவந்தால், திரி எரிந்தும் வெடிக்காத அணுகுண்டின் பக்கத்தில் போய்க் குனிந்து பார்க்கும் சித்தப்பாக்கள் அத்தனை பேரும் ஃபெயில். வேடிக்கை என்னவென்றால், அதே புத்தகத்தில் அதே அரிஸ்டாட்டில், பேய்க் கணவாய் தின்பதைத் தன் பொந்தில் சேர்த்து வைக்கிறது, தின்று முடித்த ஓடுகளை வெளியே எறிகிறது, இருக்கும் இடத்துக்கு ஏற்ப நிறம் மாற்றுகிறது என்றும் எழுதியிருக்கிறார். சேமிக்கத் தெரியும், வீடு கூட்டத் தெரியும், மாறுவேஷம் போடத் தெரியும். ஆனாலும் மடையன். பரீட்சைத் தாளைத் திருத்தியவர் பதிலைப் படிக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது.

அடுத்தவர் ரோமாபுரியின் பிளினி. அவர் கேட்ட கதையை எல்லாம் எழுதி வைக்கிற ரகம். ஸ்பெயினில் கார்ட்டேயா என்ற ஊரில் மீனுக்கு உப்புப் போடும் தொட்டிகள் இருந்தனவாம். ராத்திரியில் மீன் காணாமல் போனது. காவலாளிகள் வேலியை உயர்த்தினார்கள். திருடன் பக்கத்து மரத்தின் வழியாக ஏறி வந்தான். ஒருநாள் நாய்கள் வளைத்துக்கொண்டு குரைத்தபோதுதான் தெரிந்தது, வந்துபோனது ஒரு ராட்சதப் பேய்க் கணவாய். நாற்றமோ சகிக்கவில்லை, கைகளோ முப்பது அடி. சூலாயுதங்களால் குத்திக் கொன்று, பீப்பாய் அளவுத் தலையை லுக்குல்லஸ் என்ற பெரிய மனிதரிடம் கொண்டுபோய்க் காட்டினார்கள். இதில் எத்தனை அடி நிஜம், எத்தனை அடி மீன்காரக் கதை என்று அளக்க என்னிடம் டேப் இல்லை. ஆனால் நானூறு வருஷத்தில் பேய்க் கணவாய் மடையன் என்பதிலிருந்து கன்னம்வைக்கும் திருடன் என்ற நிலைக்குப் பதவி உயர்வு பெற்றுவிட்டது. பிளினியின் முடிவு வேறு கதை. 79-ஆம் ஆண்டு வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது, விரிகுடாவின் மறுகரையில் பத்திரமாக இருந்தவர், அது என்ன என்று பார்க்கக் கப்பலைக் கிளப்பச் சொன்னார். கிளம்பும் நேரத்தில் காப்பாற்றச் சொல்லிக் கடிதம் வரவே, வேடிக்கை மீட்புப் பணியாக மாறியது. திரும்பி வரவில்லை. அரிஸ்டாட்டிலின் கைப் பரீட்சையில் இவரும் தேறவில்லை.

இன்னும் பதினெட்டு நூற்றாண்டு தாண்டலாம். நடுவில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. மாலுமிகள் கப்பலை விழுங்கும் கணவாயை வரைந்துகொண்டிருந்தார்கள். 1832-ல் டார்வின் என்ற இளைஞர் கேப் வெர்டே தீவில் இறங்கிப் பாறைக் குட்டைகளில் துழாவியபோது ஒரு பேய்க் கணவாயைச் சந்தித்தார். அது நிறம் மாற்றியது, பொந்தில் ஒளிந்தது, குனிந்து பார்த்தவர்மேல் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தது. டார்வினுக்குத் தலைகால் புரியவில்லை. நிறம் மாறும் இந்த அதிசயத்தைத் தானே கண்டுபிடித்ததாக நினைத்துக் கேம்பிரிட்ஜில் இருந்த குரு ஹென்ஸ்லோவுக்கு எழுதினார். அது ஏற்கெனவே தெரிந்த சங்கதிதானப்பா என்கிற தொனியில் பதில் வந்தது. அரிஸ்டாட்டிலைப் படித்திருந்தால் தபால் செலவு மிச்சம்.

பெரிய மூளைக்காரர்கள் இப்படிக் கடிதம் போட்டுக்கொண்டிருந்தபோது, பாக் நீரிணை மீனவர்கள் அந்தப் பிராணியின் புத்தியை வேறு விதமாக எடைபோட்டு வைத்திருந்தார்கள். சென்னை மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹோர்னெல் 1917-ல் அதைக் குறித்து வைத்தார். நீளமான ஒரு கயிறு. அதில் வரிசையாக ஐவிரல் சங்கின் வெற்று ஓடுகள். கடலடியில் கிடத்திவிட்டு வந்துவிடுவார்கள். இரை கிடையாது, கொக்கி கிடையாது. பேய்க் கணவாய்க்கு உடம்பில் ஓடு இல்லாததால் வாழ்க்கை முழுக்க வீட்டுப் பிரச்சினை. முன்பணம் இல்லை, வாடகை இல்லை, சைவமா அசைவமா என்று கேட்பார் இல்லை என்ற நிலையில் ஒரு காலி வீட்டைக் கண்டால் குடியேறிவிடும். கயிற்றை இழுத்தால் வீடும் குடித்தனமும் சேர்ந்து மேலே வரும். பிடித்ததைச் சாப்பிடவும் மாட்டார்கள். தூண்டிலில் கோத்து வேறு மீன் பிடிப்பார்கள். அறிவாளி என்று தெரிந்தால்தான் இப்படிப் பொறி வைக்க முடியும். மடையனைப் பிடிக்கப் புழு போதும்.

இப்போது எங்கள் ஊருக்கு வரலாம். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்கு ரயிலேறிப் போய்த் தீப்பெட்டி செய்யும் வித்தையைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். மழை பொய்க்கும் ஊர், வேலை இல்லாத ஜனம், ஈரமில்லாத காற்று. விவசாயத்துக்குச் சாபமாக இருந்த வெயில் தீக்குச்சிக்கு வரமானது. அதே காலகட்டத்தில், 1920-களின் கடைசியில், ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த ஜே. இசட். யங் என்ற இளைஞர் இத்தாலியின் நேப்பிள்ஸுக்குப் போனார். பிளினியைக் கொன்ற வெசுவியஸ் தெரிகிற அதே விரிகுடாவின் கரையில், 1870-களில் ஆண்டன் டோர்ன் என்ற ஜெர்மானியர் கட்டிய கடல் ஆய்வகம் அங்கே இருந்தது. வந்தவருக்கு எல்லாம் கணவாய் அறுக்கக் கிடைக்கும். இரண்டு கோஷ்டியும் தேடிப் போனது நெருப்பை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கொண்டுசேர்க்கும் வித்தையைத்தான். இது அவர்களுக்குத் தெரியாது.

யங் கண்டது என்ன? ஊசிக் கணவாயின் பை உடம்புக்குள் சில தடித்த, வெள்ளையான, ஒளி ஊடுருவும் குழாய்கள். பார்த்தவர்கள் ரத்தக் குழாய் என்று விட்டுவிட்ட சமாசாரம். எல்.டபிள்யூ. வில்லியம்ஸ் என்ற அமெரிக்கர் 1909-லேயே இவை நரம்பு இழைகள் என்று எழுதியிருந்தார், யாரும் கண்டுகொள்ளவில்லை. யங் தூண்டிப் பார்த்தார், தசை சுருங்கியது. 1936-ல் உலகத்துக்குச் சொன்னார்: இது ஒற்றை நரம்பு இழை. நம் உடம்பில் ஓடும் இழைகளில் தடித்தது என்று பேர் வாங்கியதே மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான். கணவாயினுடையது அரை மில்லிமீட்டர், சில இனங்களில் ஒரு மில்லிமீட்டர்வரை. கண்ணுக்குத் தெரியும், கையால் எடுக்கலாம், நூலால் கட்டலாம்.

கணவாய்க்கு இவ்வளவு தடித்த திரி எதற்கு? ஓடுவதற்கு. ஆபத்து வந்தால் பை உடம்பை ஒரேயடியாகச் சுருக்கி, உள்ளே இருக்கும் தண்ணீரைக் குழல் வழியாகப் பீய்ச்சி, பின்பக்கமாகப் பாயும். பை முழுக்க ஒரே நொடியில் சுருங்கினால்தான் பாய்ச்சல். கழுத்துப் பக்கம் முதலில், வால் பக்கம் அப்புறம் என்றால் வெறும் நெளிவு. சரவெடிக்கு ஒன்றன்பின் ஒன்றாக வெடிப்பது அழகு. கணவாய்க்கு அத்தனையும் சேர்ந்து வெடிக்க வேண்டும். எங்கள் ஊர் ஃபோர்மேனிடம் இந்தக் கணக்கைக் கொடுத்தால், தூரத்தில் இருக்கிற வெடிக்கு வேகமாக எரிகிற திரியைப் போடு என்பார். கணவாயும் அதைத்தான் செய்திருக்கிறது. நரம்பில் தடிமன் கூடினால் வேகம் கூடும். ஆகவே வாலுக்குப் போகும் நீண்ட இழை மிகத் தடிமன், கழுத்தருகே முடியும் குட்டை இழை மெல்லிசு. செய்தி எல்லா இடத்துக்கும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் போய்ச் சேருகிறது. உரிமம் இல்லை, டிப்ளமா இல்லை.

நமக்கு ஏன் இவ்வளவு தடித்த நரம்பு இல்லை என்று கேட்கலாம். நம் நரம்புகள் கொழுப்பு உறை சுற்றியவை. இடைவெளி விட்டு விட்டுத் தாவி ஓடுவதால் மெல்லிசாக இருந்தே வேகம் காட்டுகின்றன. கணவாய்க்கு உறை சுற்றும் தொழில்நுட்பம் கிடைக்கவில்லை. எனவே, திரியைத் தடியாக்கு. எங்கள் பக்கத்துத் தொழிலதிபர்கள் இதைக் கேட்டால் தலையாட்டுவார்கள்.

1939 ஆகஸ்ட். இங்கிலாந்தின் தென்கரையில் பிளிமத் கடல் ஆய்வகம். ஆலன் ஹாட்ஜ்கினுக்கு வயது 25, ஆண்ட்ரூ ஹக்ஸ்லிக்கு 21. இந்த ஹக்ஸ்லியின் தாத்தாதான் டார்வினுக்காக மேடை மேடையாகச் சண்டை போட்ட டி.எச். ஹக்ஸ்லி. தண்ணீர்ப் பீய்ச்சல் வாங்கிய கோஷ்டியின் மூன்றாம் தலைமுறை மறுபடி கணவாயிடம் வந்து நிற்கிறது. முதலில் இழைக்குள் இருக்கும் கூழ் எவ்வளவு இளக்கம் என்று பார்க்க, இழையைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு ஒரு சொட்டுப் பாதரசத்தை உள்ளே விட்டார் ஹக்ஸ்லி. பாதரசம் கீழே இறங்கும் என்று காத்திருந்தால் அது நகரவே இல்லை. உள்ளே இருந்தது கெட்டிக் கூழ். சோதனை படுத்துவிட்டது. ஆனால் இழை தொங்கிக்கொண்டிருக்கிறது, நேரமும் இருக்கிறது. சரி, இதற்குள் ஒரு மெல்லிய கண்ணாடிக் குழலை மேலிருந்து செருகினால் என்ன? சுவரில் உரசாமல் செருக வேண்டும். பக்கவாட்டில் கண்ணாடி வைத்து இரண்டு கோணத்தில் பார்த்துக்கொண்டே இறக்கினார்கள். உரசினால் நரம்பு செத்தது.

உள்ளே போய்ப் பார்த்த மின்னழுத்தம் அவர்களைத் தூக்கிவாரிப் போட்டது. ஜெர்மனியின் பெர்ன்ஸ்டைன் 1902-ல் சொல்லி வைத்த கணக்கு இது: சும்மா இருக்கும் நரம்பின் உட்புறம் எதிர்மின், தூண்டினால் அந்த வித்தியாசம் வடிந்து பூஜ்யமாகும், அவ்வளவே. கணவாய்க்கு பெர்ன்ஸ்டைனைத் தெரியாது. அது பூஜ்யத்தைத் தாண்டி அந்தப் பக்கம் சுமார் 40 மில்லிவோல்ட் ஏறிவிட்டு இறங்கியது. இரண்டு இளைஞர்களும் ஏன் என்று யோசிப்பதற்குள் செப்டம்பர் 1-ல் ஹிட்லர் போலந்துக்குள் புகுந்தார். விளக்கம் ஒரு வரிகூட இல்லாமல் ஒரு குட்டிக் கட்டுரையை நேச்சர் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டு, அது அக்டோபரில் அச்சாக, ஹாட்ஜ்கின் ராடார் வேலைக்கும் ஹக்ஸ்லி பின்னர் பீரங்கிக் குறி பார்க்கும் கணக்குக்கும் போனார்கள். 1941-ல் குண்டுவீச்சில் பிளிமத் ஆய்வகமும் அடி வாங்கியது.

உலகப் போர் பிளிமத்தில் அணைத்த திரியைச் சிவகாசியில் பற்றவைத்தது. அதுவரை பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்த பட்டாசு போரால் நின்றது. 1940-ல் வெடிபொருள் விதிகள் வந்து, உரிமம் பெற்ற ஆலைகள் தொடங்கின. தீக்குச்சித் தலையில் மருந்து ஒட்டத் தெரிந்த ஊருக்குக் காகிதக் குழலில் மருந்து அடைக்கக் கற்றுக்கொள்வது பெரிய தூரம் இல்லை. பிற்பாடு நேரு வந்து குட்டி ஜப்பான் என்று பெயர் வைத்ததாக ஊர் சொல்கிறது. பெரிய ஜப்பான்காரர்கள் கணவாயைப் பச்சையாகவே தின்பவர்கள். குட்டி ஜப்பானுக்குக் கணவாய் தூத்துக்குடியிலிருந்து ஐஸ் பெட்டியில் வர வேண்டியிருக்கிறது.

போர் முடிந்து இளைஞர்கள் திரும்பி வந்தார்கள். பூஜ்யத்தைத் தாண்டிய மர்மம் அவிழ்ந்தது. நரம்புக்கு உள்ளே பொட்டாசியம் நிறைய, வெளியே கடல் உப்பின் சோடியம் நிறைய. தூண்டல் வந்தால் சவ்வில் வழி திறந்து சோடியம் உள்ளே பாய்கிறது, மின்னழுத்தம் ஏறுகிறது. அடுத்த கணம் பொட்டாசியம் வெளியேறுகிறது, இறங்குகிறது. இந்த ஏற்ற இறக்கம் பக்கத்து இடத்தைத் தூண்ட, அது அதற்கடுத்த இடத்தைத் தூண்ட, பொறி ஓடுகிறது. எங்கள் வெடியுப்பில் இருக்கிற அதே பொட்டாசியம்தான். புகை மட்டும் இல்லை. உச்ச நீதிமன்றம் 2018-ல் சரவெடிக்குத் தடை போட்டது. இந்தச் சரவெடி எந்தத் தீர்ப்புக்கும் கட்டுப்படாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னொரு வித்தியாசமும் உண்டு. எங்கள் திரி எரிந்தால் சாம்பல். நரம்பு சில மில்லிசெகண்டில் மறுபடி எரியத் தயார். அப்படி ஒரு திரியை எவனாவது சிவகாசியில் செய்துவிட்டால் ஒரு தடவை வாங்கியவன் மறு தீபாவளிக்குக் கடைப் பக்கம் வரமாட்டான். தொழில் படுத்துவிடும். (இந்த மாதிரி விளையாட்டுப் பேச்செல்லாம் மருந்தறைக்கு வெளியே மட்டும். உள்ளே யாரும் சிரிப்பதில்லை.)

இதைக் கணக்கில் நிரூபிக்க வேண்டியிருந்தது. கேம்பிரிட்ஜில் ஒரு கணினி இருந்தது. ஹக்ஸ்லிக்குத் தேவைப்பட்ட நேரத்தில் அது மாற்றியமைப்புக்காக ஆறு மாதம் மூடிக் கிடந்தது. அரசு அலுவலகத்தில் சர்வர் டவுன் என்று கேட்டுப் பழகியவர்களுக்கு அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று தெரியும். மனிதர் கைப்பிடி வைத்த பிரன்ஸ்விகா கணக்குப் பொறியை எடுத்து வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் சுற்றினார். கணக்குப்படி பொறியின் வேகம் நொடிக்கு 18.8 மீட்டர் என்று வந்தது. கணவாயில் அளந்த வேகம் 21.2. கையால் சுற்றி இவ்வளவு பக்கத்தில் வந்ததை நினைத்தால், மேலே பண்ணிய கேலியை எல்லாம் இந்த ஒருவர் விஷயத்தில் திரும்பப் பெற்றுக்கொள்ளத் தயார். 1952-ல் கட்டுரைகள் வந்தன. 1961-ல் பிளிமத்தில் இன்னொரு கூத்து: இழைக்குள் இருந்த கூழை ஒரு குட்டி உருளையால் உருட்டிப் பிதுக்கி வெளியே தள்ளிவிட்டு, வெறும் உப்புக் கரைசலை நிரப்பினார்கள். நரம்பு வேலை செய்தது. வித்தை சரக்கில் இல்லை, காகிதக் குழலில்தான் என்று ஆனது.

1963-ல் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி, ஜான் எக்லஸ் மூவருக்கும் நோபல் பரிசு. பிறகு ஒரு மாநாட்டு விருந்தில் பெரிய நரம்பியல் நிபுணர் ஒருவர், பரிசை உண்மையில் கணவாய்க்குத்தான் கொடுத்திருக்க வேண்டும் என்றாராம். இதை எழுதி வைத்திருப்பவர் ஹாட்ஜ்கினே. சொன்னவருக்கு நாசூக்குப் போதாது என்ற குறிப்போடு.

அந்த நரம்பை நீங்களும் பார்க்கலாம். நம் கடலின் ஊசிக் கணவாய்க்கும் உண்டு. தலையைப் பிடித்து இழுத்தால் குடலோடு மைப்பையும் சேர்ந்து வரும். பிளாஸ்டிக் சீவல் போன்ற நடுத்தண்டை உருவிப் போட்டுவிட்டு, பையை நீளவாக்கில் கீறி விரித்துப் பாருங்கள். உட்சுவரில், கழுத்து விளிம்புக்குக் கொஞ்சம் கீழே, இரண்டு பக்கமும் ஒவ்வொரு வெளிறிய முடிச்சு. அதிலிருந்து நட்சத்திரக் கதிராக வெள்ளை நூல்கள் சதைக்குள் பரவும். வாலை நோக்கிப் போகும் நூல்தான் கதாநாயகன். மார்க்கெட்டில் கணவாய் ஆயும் அக்காவிடம் அதைக் காட்டி, “இதைத் தனியா எடுத்துத் தர முடியுமாக்கா?” என்று கேட்டேன்.

“அத யாருண்ணே திம்பா? பூனகூடத் தொடாது.”

“இதை ஆராய்ச்சி பண்ணினவங்களுக்கு நோபல் பரிசே கொடுத்திருக்காங்க.”

“அப்படியா? அப்ப கிலோவுக்கு இருவது ரூவா கூடப் போட்டுக்கிடவா?”

நோபல் கமிட்டிக்குத் தோன்றாத நியாயம் அவருக்குத் தோன்றிவிட்டது.

ஊசிக் கணவாய் இப்படி உடம்பைக் கொடுத்து உழைத்துக்கொண்டிருக்க, புத்திசாலி என்ற பட்டத்தைப் பங்காளியான பேய்க் கணவாய் தட்டிக்கொண்டு போனது. குடும்பங்களில் நடப்பதுதான். பேய்க் கணவாய்க்குச் சுமார் 50 கோடி நரம்புச் செல்கள் என்று யங் கூட்டமே எண்ணிச் சொன்னது. அதில் மூன்றில் இரண்டு பங்கு தலையில் இல்லை, கைகளில். வெட்டி எடுத்த கையைத் தூண்டினால்கூட அது உயிரோடு இருந்தபோது நீட்டிய அதே தோரணையில் நீள்கிறது என்று 2001-ல் காட்டினார்கள். இத்தனை சரக்கையும் வைத்துக்கொண்டு அது வாழ்வது ஒன்றிரண்டு வருஷம். வருஷம் முழுக்க உழைத்ததை ஒரே ராத்திரியில் கொளுத்தித் தீர்க்கும் தொழிலில் இருப்பவர்களுக்கு இதில் அதிர்ச்சி ஒன்றும் இல்லை.

அதன் புத்தியை முறைப்படி அளக்க 1950-களின் கடைசியில் ஹார்வர்டின் பீட்டர் டியூஸ் நேப்பிள்ஸுக்குப் போனார். ஆல்பர்ட், பெர்ட்ரம், சார்லஸ் என்று மூன்று பேய்க் கணவாய்கள். தொட்டியில் ஒரு நெம்புகோல். இழுத்தால் விளக்கு, விளக்கோடு ஒரு துண்டு மீன். ஆல்பர்ட்டும் பெர்ட்ரமும் நல்ல பிள்ளைகளாக இழுத்தார்கள், தின்றார்கள், வரைபடத்தில் புள்ளியானார்கள். சார்லஸ் வேறு ஜாதகம். கைகளைத் தொட்டிச் சுவரில் ஊன்றிக்கொண்டு நெம்புகோலை மல்யுத்தத்துக்கு இழுத்தது. மேலே தொங்கிய விளக்கைப் பிடித்துத் தண்ணீருக்குள் இழுத்தது. பக்கத்தில் வந்தவர்கள்மேல், முக்கியமாகப் பரிசோதகர்மேல், தண்ணீரைப் பீய்ச்சியது. கடைசியில் நெம்புகோலையே உடைத்துப் போட, அதன் பரீட்சை அத்தோடு ரத்தானது. 1959-ல் டியூஸ் இதை எல்லாம் மறைக்காமல் கட்டுரையில் எழுதினார். ஆல்பர்ட்டும் பெர்ட்ரமும் பாஸ், சார்லஸ் ஃபெயில் என்றுதான் முடிவு வாசிக்க வேண்டும். மூன்றில் எது அறிவாளி என்று எங்கள் ஊர்ப் பையன்களைக் கேட்டால் வேறு பதில் வரும்.

இவ்வளவு புத்தி இந்தப் பூமியில் விளைந்திருக்காது என்று நினைப்பவர்களும் உண்டு. 1939-ல், பிளிமத்தில் கண்ணாடிக் குழல் செருகிய அதே வருஷம், கொழும்பில் பிறந்த வானியலாளர் சந்திரா விக்ரமசிங்க உள்ளிட்ட முப்பத்துச் சொச்சம் பேர் 2018-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். பேய்க் கணவாயின் முட்டைகள் உறைந்த நிலையில் விண்வெளியிலிருந்து வந்து விழுந்திருக்கலாம் என்பது அதில் ஒரு யோசனை. உயிரியலாளர்கள் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். அதன் மரபணுக்கள் நத்தைக்கும் சிப்பிக்கும் சொந்தம் என்று தெளிவாகவே சொல்கின்றன. வானத்திலிருந்து முட்டை பத்திரமாக இறங்குவதைச் சிவகாசிக்காரனால் நம்ப முடியாது. எங்கள் ராக்கெட் பக்கத்து மொட்டை மாடியில் காயும் வற்றலில் இறங்குவதுதான் நாங்கள் கண்டது.

கடைசியாகப் பால். ஜெர்மனியின் ஓபர்ஹவுஸன் காட்சியகத்துப் பேய்க் கணவாய். 2010 உலகக் கோப்பைக் கால்பந்தில் இரண்டு நாட்டுக் கொடி ஒட்டிய பெட்டிகளில் எதைத் திறந்து உள்ளே இருக்கும் சிப்பியைத் தின்கிறதோ அந்த நாடு ஜெயிக்கும். நமக்குப் புதிதில்லை, சீட்டெடுக்கும் கிளியைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். வீட்டில் கிளி வளர்ப்பவர்கள் அலகு தீட்டக் கூண்டில் செருகி வைப்பதுகூட ஓட்டுக் கணவாயின் ஓடுதான். ஆக ஜோசியத்தில் அந்தக் குடும்பத்துக்கு முன்அனுபவம் உண்டு. பால் எட்டு ஆட்டத்தையும் சரியாகச் சொன்னது. குருட்டாம்போக்கில் அப்படி அமைய வாய்ப்பு 256-ல் ஒன்று. லாட்டரியை விட நல்ல கணக்கு. அரையிறுதியில் தங்கள் நாடு தோற்கும் என்று சொல்லி அது பலித்தும் விட்டதால், ஜெர்மானியர்கள் பாலை எப்படிச் சமைக்கலாம் என்று செய்முறை பரிமாறிக்கொண்டார்கள். கோப்பை ஜெயித்த ஸ்பெயினில் ஓ கார்பால்லினோ என்ற ஊர் அதற்குக் கௌரவம் அளித்து, தங்களிடம் அனுப்பி வைக்கும்படி கேட்டது. அந்த ஊரின் பெருமையே வருஷந்தோறும் பேய்க் கணவாயை அண்டா அண்டாவாக வேகவைத்துத் தின்னும் திருவிழாதான். காட்சியகம் அனுப்ப மறுத்துவிட்டது. அக்டோபரில் பால் தன் தொட்டியிலேயே வயதாகிச் செத்தது. கரையேறிய பேய்க் கணவாய்களில் அண்டாவுக்கும் தூண்டிலுக்கும் தப்பி, இரங்கல் செய்தியும் அஸ்தி வைத்த நினைவுச் சின்னமும் வாங்கியது அது ஒன்றுதான்.